கஞ்சி ஊற்றிய கை

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று.

“நான் பீச்சாங்கையில கஞ்சி ஊத்துறேனாம். ஊரே பாக்குற மாதிரி மாட்டி வெச்சிருக்காங்க,” என்றாள்.

பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியில் அவளை எடுத்த போட்டோவாம். முந்தின நாள்தான் இருவரும் தருமபுரியில் நடக்கும் கண்காட்சியில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

“மெஷின் எடுத்தது புள்ள. அது தப்பா எடுக்குமா?”

“என் மூக்குத்தி சோத்தாங்கைப் பக்கம் இருக்குதுங்க. படத்துல பீச்சாங்கைப் பக்கம் இருக்குது. படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க. இந்தக் கண்ணாடியைப் படத்துக்கு எதிர்ல புடிச்சா அவங்களுக்கே தெரிஞ்சிரும்.”

“ஆபீசருங்க வர்ற எடம். சத்தம் போடாத.”

“சத்தமெல்லாம் போடலீங்க. மாத்துற வரைக்கும் அங்கியே நிப்பேன்.”

ஏற்றத்தில் பஸ் இழுக்க முடியாமல் நின்றது. தள்ளிவிட எல்லோரும் இறங்கினோம். அவள் கண்ணாடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

“பாக்க வர்றவங்க பஞ்சத்தைப் பாப்பாங்க. உன் கையை யாரு பாக்கப் போறாங்க?” என்றார் கணவர்.

“அன்னைக்கு வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சாங்களே, அவங்க பாப்பாங்க.”