பூ நிற்கக் கிழங்கு போனது

அவசரப்படாதீங்க யாகூப் நானா. பொலிசுக்குப் போற பெட்டிசம், சிங்களத்துல ஒரு எழுத்துப் பிசகக் கூடாது. உக்குவளையில ரெண்டு பாஷையும் எழுதுறவன் நான்தான்னுதானே தேடி வந்திருக்கீங்க. உக்காருங்க. பாண் கியூவுல நின்ன காலு, ஆறட்டும். பிளேன்டி தாரேன், சீனி மட்டும் கேட்டுறாதீங்க.

நடந்தத நானே சொல்றேன், சரியான்னு பாருங்க. உங்க தங்கச்சி ஹவ்வா எங்க வேலி ஓரமா ரெண்டு வரிசை கிழங்கு போட்டாங்க. சூரியகாந்திச் சாதிதான், ஆனா பூ சின்னது. கீழ இஞ்சி மாதிரி முட்டு முட்டாக் காய்க்கும். வெதக்கிழங்கு நீங்க நுவரெலியாவுலருந்து கொண்டாந்தது. ம், அதையும் எழுதிக்கிறேன். பூ வாடித் தண்டு காஞ்ச பொறகுதான் தோண்டணும்னு, நோன்பு மாசத்துக்கு வெச்சிருந்தாங்க. போன வாரம் தோண்டினா ஒண்ணுமே இல்ல. மண்ணு கொத்திக் குடுத்தவன் தேயிலத் தோட்டத்து லயத்துல இருக்கிற அழகமுத்து. அதனால அவன்தான் கள்ளன். அப்படித்தானே?

இந்தப் பக்கம் என் தோட்டத்தையும் பாத்தீங்களா? சிரிங்க, பரவால்ல. கொழும்புக் கந்தோர் உத்தியோகத்த விட்டுட்டு ஊருக்கு வந்த கையோட பெரிய சூரியகாந்தி போட்டேன். சோத்துத் தட்டு அகலம் பூ. வெதையத் தின்னலாம், எண்ணெய் ஆட்டலாம்னு புத்தகத்துல படிச்சது. கிளி வந்துச்சு. பூவுக்குப் பூ என் பழைய பெனியனக் கட்டினேன். பெனியனையும் கிழிச்சுத் தின்னுட்டுப் போச்சு. ஐயா, கிளிக்கு உடுப்புமா குடுக்கிறீங்கன்னு ஹவ்வா வேலிக்கு அங்கிட்டு நின்னு கேட்டாங்க. நாலு பேரு சிரிச்சாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. பன்னிக்குப் போடுற கிழங்க நட்டுக்கிட்டு நீங்க பேசுறீங்களான்னுட்டேன். ஒரு முஸ்லிம் பொம்பளையப் பாத்துச் சொல்லுற சொல்லா அது? படிச்ச வாயி. அவங்க உள்ள போயிட்டாங்க.

உங்ககிட்ட சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டாங்க.

பொறகு என் பொஞ்சாதி நேசம்மாவுக்குக் காய்ச்சல். உங்களுக்குத்தான் தெரியுமே, பத்து நாளா எழும்பல. கூப்பன் அரிசியும் முடிஞ்சுது. கேட்டிருந்தா ஹவ்வா மடி நெறையக் குடுத்திருப்பாங்க. அந்தச் சொல்லச் சொன்ன வாயால எப்படி நானா கேக்கிறது?

அந்தக் கிழங்குல ஒரு வசதி இருக்கு. பக்கத்து மண்ண வெலக்கிட்டுக் கைய விட்டு உருவினா, பூ அப்படியே நிக்கும். வாடினாலும் காலம் முடிஞ்சு வாடுதுன்னுதான் நெனப்பாங்க. ஹவ்வாவும் அப்படித்தான், தோண்டுற நாள் வரைக்கும் தண்ணி ஊத்தினாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

எழும்பாதீங்க நானா. இன்னும் கொஞ்சந்தான்.

ஹவ்வா குடுத்தாங்கன்னு சொல்லித்தான் நேசம்மாவுக்கு அவிச்சுக் குடுத்தேன். இப்ப காய்ச்சல் விட்டிருச்சு. அவங்களுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லிட்டு வாரேன்னு தெனம் சேலையக் கையில எடுக்கிறா. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு நிப்பாட்டி வெச்சிருக்கேன்.

நேத்து அழகமுத்து வந்தான். வெள்ளிக்கிழம மாத்தளை மாரியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணப் போறானாம். ஐயா, நீங்க சாட்சிக்கு வரணும்னு என்னைய வந்து கேக்கிறான். சரின்னு தலையாட்டினேன்.

இந்தாங்க, எழுதியாச்சு. சிங்களம் வாசிக்கிற யாருகிட்டயும் குடுத்துக் கேட்டுப் பாருங்க. கள்ளன் பேரு எழுதுற எடத்துல என் பேரப் போட்டிருக்கேன்.