மருந்து படாத ஈரல்

எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில் இன்றும் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம். உடம்புக்கு நல்லது என்பார்கள். மிஞ்சுகிற செம்பை ஈரல் வெளியே தள்ளிவிடும். எங்களிடம் வந்த சங்கமித்ரா என்ற பெண்ணின் ஈரலுக்குப் பிறவியிலேயே அது வராது. ஆனால் மருந்து இருக்கிறது ஐயா. ஒழுங்காகச் சாப்பிட்டால் கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

அவள் அம்மா வள்ளியம்மா காக்ஸ் டவுனில் வீட்டுவேலை செய்பவர். வெளியே வாங்கக் கட்டுப்படியாகாது என்று எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே மருந்தை இலவசமாகக் கொடுத்தோம். கொடுப்பது என் பொறுப்பு.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். உறையவைத்த ஈரல் செல்லை எக்ஸ்ரே மைக்ரோஸ்கோப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படமெடுப்போம். வெட்ட வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம். செல்லுக்குள் செம்பு எந்த மூலையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் முப்பரிமாணத்தில் காட்டும். கருவி வெளிநாட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பரில்தான் எங்கள் முறை வரும். நோய் முற்ற முற்றச் செம்பு இடம் மாறும். ஒரே ஆளிடம் அதை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் எந்த டாக்டரும் மருந்தைத் தராமல் வைத்திருக்க மாட்டார்.

அவள் ஈரலிலிருந்து முதல் சாம்பிள் எடுத்ததும் அவளுடைய கேப்ஸ்யூல்களில் குளுக்கோஸ் நிரப்பினேன்.

சில மாதம் கழித்து வள்ளியம்மா வந்தார். "சார், பொண்ணுக்குக் கை நடுக்கம் ஜாஸ்தியாயிடுச்சு. டம்ளரக்கூடப் புடிக்க முடியல. மாத்திரைய நிறுத்திடலாமா?"

"அய்யய்யோ, நிறுத்திடாதீங்கம்மா. இந்த மருந்து ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணும்."

அது பொய்யில்லை. நிஜ மருந்து சிலருக்கு அப்படித்தான் செய்யும்.

கண் மஞ்சளானதும் இரண்டாவது சாம்பிளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே நிஜ மருந்தைக் கொடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் ஈரல் போய்விட்டிருந்தது. அவள் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. போன டிசம்பரில் படத்தைப் பார்த்தபோது வந்தது. அவ்வளவு தெளிவு.

மிச்சமிருந்த பழைய கேப்ஸ்யூல்களைச் சின்னவளுக்குக் கொடுக்கலாமா என்று வள்ளியம்மா வேறொரு டாக்டரிடம் காட்டியதால்தான் நான் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சின்னவள் யசோதராவுக்கும் இதே நோய். நாளை மருந்து ஆரம்பிக்கப்போகிறார்களாம்.

செய்தது நான்தான் ஐயா, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒருத்தியின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. யசோதராவின் மருந்தை இந்த டிசம்பர் வரைக்குமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். அக்காவின் உயிர் வீணாகப் போய்விடக் கூடாது.