அத்தையின் பித்தப்பை

அத்தையைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, ஐயா. ரப்பர் தோல், பிளாஸ்டிக் எலும்பு, எந்நேரமும் ஒரே சிரிப்பு. ஸ்கேன் பழகும் மாணவர்கள் இந்தப் பொம்மையின் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினால் திரையில் ஈரல், பித்தப்பை எல்லாம் அசல் மாதிரியே தெரியும். முடித்ததும் கம்ப்யூட்டர் மதிப்பெண் போடும். கல்லூரியில் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளன் நான்.

நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். ஒரு மாணவி தேர்வில் கோட்டைவிட்டுக்கொண்டே இருந்தாள். கருவியைத் தொட்டாலே கை உதறும். வகுப்பில் அவளுக்குப் பெயரே ‘வைப்ரேஷன் மோடு’.

“அண்ணே, இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கப்பா என்னைக் கடையில உக்கார வச்சிருவாரு,” என்று அழுதாள்.

நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் கையை மட்டும்தான் பார்க்கிறது. கருவி நேராகப் போனதா, சீக்கிரம் சரியான இடத்தில் நின்றதா, அவ்வளவுதான். திரையைப் பார்ப்பவர்கள் யோசிக்கிறார்கள். யோசித்தால் நேரம் போகிறது, மதிப்பெண்ணும் கூடவே போகிறது. அத்தையின் உறுப்புகளோ என்றைக்கும் இடம் மாறுவதில்லை. நோயுள்ள உடம்புகளின் படங்களைத் தனியாக வாங்க வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் எங்கள் துறைத் தலைவி மேடம்.

“திரையப் பாக்காதம்மா,” என்றேன். “கடைசி விலா எலும்புக்குக் கீழ வை. அமுக்கு. மணிக்கட்டைச் சாய்ச்சு நிறுத்து.”

“பாக்காம எப்படிண்ணே?”

“அத்தை உன்னைப் பாக்குறாளா?”

கூரையைப் பார்த்தபடி செய்தாள். கை உதறவே இல்லை. முழு மதிப்பெண்.

பிறகு வகுப்பே என்னிடம் வந்தது. மேடம் பூரித்துப்போனார். வெளியூர்க் கல்லூரிகள் வந்து பார்த்து, நம் முறையை அப்படியே கொண்டுபோயின. பிள்ளைகள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது.

ஒரு தாத்தாவுக்குக் கர்ப்பப்பை நலம் என்று எழுதிவிட்டார்கள் என விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நலமில்லை என்று எழுதியிருந்தால் மனிதர் பயந்திருக்க மாட்டாரா? கட்டியோடு வந்தவர்களையும் நலம் என்று வீட்டுக்கு அனுப்பினார்களாம். சிலர் திரும்பி வரவே இல்லையாம். அத்தைக்குக் கட்டி கிடையாது, ஐயா. பிள்ளைகள் கற்றதைத்தான் எழுத முடியும்.

போன வாரம் என் அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. நம் பிள்ளைகள் யாரிடமும் காட்டவில்லை. திறமையில் சந்தேகம் என்று எழுதிவிடாதீர்கள். தெரிந்தவர்கள் என்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் பஸ் ஏறி, யாரையும் தெரியாத ஊருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஸ்கேன் எடுத்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை. விலா எலும்புக்குக் கீழே வைத்தாள். அமுக்கினாள். மணிக்கட்டைச் சாய்த்தாள். கண் கூரையில் இருந்தது. எனக்கோ பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருந்தது.

“பித்தப்பை நல்லா இருக்கும்மா,” என்றாள்.

“அதைத்தான் போன வருஷமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்களேம்மா,” என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். “டேய், நீயாவது சொல்லேன்டா.”

சொன்னேன், ஐயா. எனக்குப் பெற்ற தாய்தான் முக்கியம். “மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் சாய்க்கணும், பாப்பா,” என்று சொன்னேன்.

அம்மா இன்னும் வலிக்கிறது என்கிறாள். நான் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுகிறேன்.