பனிக்காட்டில் இருப்பவர்களுக்கு ஓர் அர்ச்சனை

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் துரை பங்களாவில் ஆயா வேலை பார்ப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"நாலு வெள்ளக்காரங்களுக்கு அர்ச்சனை பண்ணணும் அக்கா. பேருதான் தெரியல."

"யாரு அவங்க?"

"ரேடியோல வந்தாங்க. ஆராய்ச்சிக்காரங்க. சுத்தி வெறும் பனி, வேற ஆளே இல்ல. ஏதோ ஒரு பெரிய மிருகம் வந்து கதவ இடிக்குது. துரையம்மாதான் அந்த இங்கிலீஷ எனக்கு மலாயில சொன்னாங்க. அதுக்குள்ள துரை ரேடியோவ அடைச்சிட்டாரு."

"அது நாடகம்தானே. நடிச்சவங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாங்க."

"இருக்கும். ஆனா முடிவு தெரியலையே அக்கா. மனசு கேக்கல."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உன் வீட்டுக்காரரு சர்வே துரைங்களோட பகாங் காட்டுக்குப் போனவரு திரும்பலையே. அவரு பேருக்குப் பண்ணேன்."

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தானே அர்ச்சனை. இருக்காரா இல்லையான்னு இன்னும் யாரும் சொல்லலையே."

வரிசை நகர்ந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ஆயா மூத்தவளைப் பார்த்தாள்.

"மாரிமுத்து. இவ வீட்டுக்காரரு" என்றாள் மூத்தவள்.

குருக்கள் ஆயாவைப் பார்த்தார்.

"உத்திரம்" என்றாள் அவள்.