மூலைப் பாத்தியில் புதினா

மேட்டுப் பாத்தி கட்ட ஹாலோ பிளாக் கல்லை மிஞ்சியது எதுவும் இல்லை, அய்யா. உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில் நீங்களும் போடலாம்.

பக்கத்து வீட்டு பாலகுமாருக்கு அது மூன்றாவது முறைதான் உறைத்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மாற்றலாகி வந்த பேங்க் அதிகாரி. ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும், அதனால் செடியைத் தரைக்கு மேலே வளர்க்க வேண்டும் என்று செல்போனில் யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள். முதலில் சவுக்குக் கட்டையை அடுக்கினான். கரையானுக்குக் கல்யாண விருந்து. அடுத்தது தகரம், சித்திரை வெயிலில் கத்திரிக்காய் செடியிலேயே வெந்துவிட்டது, தாளிப்பதுதான் பாக்கி. கடைசியில் ஹாலோ பிளாக். நடுவில் செம்மண்ணும் எருவும் கொட்டி வெண்டை போட்டான். கல்லில் உள்ள பொந்துகளில் சிலவற்றை மண்ணால் நிரப்பிப் புதினா வைத்தான், மற்றதைக் காலியாக விட்டான். படித்தவன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மொட்டை மாடி எதற்கு இருக்கிறது. அவன் மனைவி ரேகா பெட்டியோடு காட்டுமன்னார்கோயில் கிளம்பியதையும் அங்கிருந்துதான் பார்த்தேன். தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்; கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதற்கு அவன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கையைப் போட்டு, "சுப்பராயலு மாமா, புரளி பேசுறதுல பொம்பளைங்க உங்ககிட்ட பிச்ச வாங்கணும். இனிமே எங்க வீட்ல எதப் பாத்தாலும் வாயத் தொறக்காதீங்க" என்றான். டீ மாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஒரு கண்ணாடி விரியன் மூலைக் கல்லின் காலிப் பொந்தில் இறங்குவதைப் பார்த்தேன். மேலே புதினா படர்ந்து வாயை மூடியிருந்தது. தினம் தண்ணீர் ஊற்றிக் குளிர்ச்சியாக வைத்திருந்த இடம், தவளைக்கும் குறைவில்லை. பாம்பு அங்கேயே தங்கிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் ஆயுளில் அடக்கிவைத்த ஒரே சேதி. அதையும் இப்போது நானாக வந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதிலோரம் போய், துவையலுக்குக் கொஞ்சம் புதினா கிடைக்குமா என்று கேட்டேன். மனஸ்தாபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான், அசடு. முகமெல்லாம் மலர்ச்சி.

"இதுக்கென்ன மாமா, கேக்கணுமா?"

"அந்த மூலையில இருக்கு பாரு, அதான் நல்லா தழைஞ்சிருக்கு. அடியோட கிள்ளு."

ஒரு பிடி கிள்ளியவன் கையை உதறினான். "என்னமோ கடிச்சிடுச்சி மாமா. என்னான்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். உள்ளே இழுபட்ட வால்கூடத் தெரிந்தது.

"பூரான்டா. சுண்ணாம்பு தடவிக்கிட்டு செத்த நேரம் படு, சரியாப் போயிடும்."

சுண்ணாம்பும் நான்தான் கொடுத்தேன். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். உடனே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மத்தியானம்வரை மாடியில்தான் இருந்தேன். ஜன்னல் வழியாக "மாமா, மாமா" என்று முனகல் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தேன்.

படுக்கப் போகுமுன், வீங்க ஆரம்பித்த அந்தக் கையாலேயே புதினாவை மதில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆசையாகக் கொடுத்ததை வீணாக்கக் கூடாது. துவையல் அரைத்தேன். உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. மற்றபடி அந்தப் பையன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அய்யா.