எல்லாத்துக்கும் ஆறு

— சிரிக்காத. மனசுத் தெம்புக்கு வச்ச டெஸ்ட்டுல கம்பெனியிலேயே முதல் மார்க் எனக்குத்தானாம்.

— அதுக்கு ஏங்க முகத்தைத் தொங்கப்போட்டுட்டு வர்றீங்க?

— கேளு. மேனேஜர் கூப்பிட்டு உக்கார வச்சு, தன் கையாலயே டீ ஊத்திக் குடுத்தாரு. மனசுல தெம்பு இருக்கறவன் வேலையில திருப்தியா இருப்பான், திருப்தியா இருக்கறவன் கம்பெனியை விட்டுப் போகமாட்டான், ஆராய்ச்சியே சொல்லுதுன்னாரு.

— சரியாத்தானே சொல்லியிருக்காரு.

— முழுசாக் கேளு. அதனால எல்லாரும் விட்டுட்டு ஓடற இடத்துல உங்களைப் போடறோம்னாரு. நாலாம் நம்பர் தொட்டி.

— உள்ள இறங்கி ஆசிட் கசடு சுரண்டுவாங்களே, அதுவா?

— அதேதான். மூணு மாசத்துல மூணு பேர். ரெண்டு பேர் சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. மூணாவது ஆளு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கெடக்கான். எனக்கு ஒண்ணுதான் புரியலை. டெஸ்ட்டுக்குன்னு குடுத்த கேள்வி ஃபாரத்தை நான் எழுதவே இல்லை. டிபன் பையில மடிச்சு இருந்துச்சு, வெத்துத் தாள்தானேன்னு பிரிச்சுப் பார்க்காமலே ஆபீஸ்ல ஃபாரம் வாங்கற பெட்டியில போட்டேன்.

— நான்தாங்க எழுதினேன்.

— நீயா?

— நீங்களும் தம்பியும் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கிட்டீங்க. எது வந்தாலும் சமாளிப்பேன், இந்த வேலைதான் எனக்கு உசிரு, இப்படி இருபத்துநாலு கேள்வி. எல்லாத்துக்கும் ஆறுக்கு ஆறு போட்டேன். ஃபோர்மேன் ஆக்குவாங்கன்னு நெனச்சேன்.

— லிஃப்ட்ல ஏறவே நடுங்கற ஆளுக்கு ஆறுக்கு ஆறா?

— சும்மா இருங்க. உங்களை விட்டுக்குடுத்து எழுத எனக்கு மனசு வரலை.

— மார்க் கம்மியான ஆளுங்க எல்லாம் பேக்கிங்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து டப்பா ஒட்டறாங்க, தெரியுமா?

— நாளைக்கே வந்து அவர் கால்ல விழுந்தாவது உண்மையைச் சொல்லிடறேங்க.

— வேண்டாம். மூடின இடம்னா எனக்கு நெஞ்சை அடைக்கும், முடியவே முடியாதுன்னுட்டேன். என் பேரை அடிச்சுட்டாரு.

— அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்க.

— அதுக்குள்ள அப்பாடா சொல்லாத. அடுத்த மார்க் யாருதுன்னு பட்டியலைப் பார்த்தாரு. உன் தம்பியோடது.

— நம்ம தம்பியா?

— மதியமே உள்ள இறக்கிட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்குத்தான் மேல ஏத்துவாங்களாம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை அவனுக்கு. ஆனா ஃபாரத்துல என்ன தைரியமா எழுதியிருக்கான் தெரியுமா? என்னைவிட ஒரே ஒரு மார்க்தான் கம்மி.

— அவன் எங்கங்க எழுதினான்? உங்களைத் தாண்டிடக் கூடாதுன்னு அந்த ஒரு மார்க்கைக் குறைச்சதே நான்தான்.