பாலத்தைச் சொன்ன மெலிஞ்ச குரல்

கை தட்டுனது போதும்யா… கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், அதைக் கேட்டுட்டு அப்புறம் தட்டுங்க. புதுசா ஜெயிச்சு வந்த கவுன்சிலருங்க முன்வரிசையில உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் இந்தக் கதை.

போன வருஷ மழை ஞாபகம் இருக்கா? மலை சரிஞ்சு, டவர் விழுந்து, ஒருத்தர் போனும் வேலை செய்யல. அப்ப இந்த ஊருக்கு வாயும் காதுமா இருந்தது எது? ஹாம் ரேடியோ. வீட்டுல செட் வச்சு ஊர் ஊராப் பேசுவாங்களே, வேலையத்தவங்கன்னு நாம சிரிச்சோமே… அவங்கதான்.

அதுல ஒருத்தர் ஹார்டுவேர் கடை குருபாதம் அண்ணாச்சி. செட்டும் பெருசு, ஆண்டெனாவும் பெருசு. குரலைச் சொல்லவே வேணாம், செட்டே இல்லாட்டியும் அடுத்த மலைக்குக் கேக்கும். இன்னொருத்தர் நம்ம கணக்கு டீச்சர் ஹெப்சிபா.

அன்னைக்குக் காலையில அண்ணாச்சி மூச்சு விடாமப் பேசுறார். கடை வாசல்ல லாரி நிக்குது, அரிசி ஏத்தியாச்சு, கம்பளி ஏத்தியாச்சு, நம்ம பசங்களும் ஏறியாச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் மழையில தவிக்கிற எஸ்டேட்டுக்கு இதோ கிளம்புதுங்கிறார். நல்ல மனுஷன், நல்ல காரியம். குத்தமே சொல்ல முடியாது. ஆனா அவர் நிறுத்துற இடைவெளியில டீச்சருக்கு ஒரு சந்தேகம். யாரோ கூப்பிடுற மாதிரியும் இருக்கு… இல்லாத மாதிரியும் இருக்கு…

அந்த ரேடியோவுல ஏ.ஜி.சி.ன்னு ஒண்ணு உண்டுங்க. பெரிய சத்தம் வந்தா தானா அடக்கும், சின்னச் சத்தம் வந்தா தானா தூக்கிக் குடுக்கும். காதுக்கு சுகம். ஆனா அண்ணாச்சி பேசி நிறுத்தினாலும், அடக்குன செட்டு உடனே எழும்பாது. ரெண்டு மூணு நொடி மந்தமாவே கிடக்கும். அந்த நேரத்துல ஒரு மெலிஞ்ச குரல் கூப்பிட்டா? போச்சு. செட்டு முழிக்கிறதுக்குள்ள அண்ணாச்சி மறுபடி ஆரம்பிச்சிருவார்.

டீச்சர் என்ன பண்ணாங்க? ஏ.ஜி.சி.யை அணைச்சாங்க. அணைச்சா அண்ணாச்சி குரல் ஹெட்போன்ல இடியா இறங்கும். இறங்குச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, அவர் பேசுறப்ப சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கையால குறைச்சு, அவர் நிறுத்துன உடனே ஏத்தி… குறைச்சு, ஏத்தி… குறைச்சு, ஏத்தி…

கேட்டுச்சுங்க. எஸ்டேட் கிளார்க் பாக்கியநாதன். அவர் செட்டுல பேட்டரி சாகப் போற நிலைமை, அதனால ரெண்டு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திக்கிறார். என்ன கேட்டார்? அரிசி கேட்டாரா? கம்பளி கேட்டாரா? ஒண்ணும் கேக்கலைங்க…

"பாலத்துல வண்டி விடாதீங்க… அடித்தூண் போயிருச்சு…"

எஸ்டேட்டுக்குப் போக அது ஒண்ணுதான் பாலம். அடுத்த இடைவெளியில டீச்சர் குறுக்க பாஞ்சாங்க. "அண்ணாச்சி, லாரியை நிறுத்துங்க."

அண்ணாச்சி மைக்கைப் போட்டுட்டு ஓடி, கிளம்புன லாரிக்கு முன்னால போய் நின்னுட்டார். மத்தியானம் அந்தப் பாலம் தானா ஆத்துல உக்காந்துச்சு. அந்த லாரியில இருந்த பசங்கதான் இன்னைக்கு உங்க தலைக்கு மேல இந்தப் பந்தலைப் போட்டவங்க.

கவுன்சிலருங்களே… நாளையிலேருந்து உங்க வீட்டுக்குப் பெரிய குரல் எல்லாம் வரும். வரட்டும், கெட்ட குரல்னு நான் சொல்லல. ஆனா அது பேசிட்டுப் போனப்புறம் உங்க காது கொஞ்ச நேரம் மந்தமாக் கிடக்கும். மெலிஞ்ச குரல் அப்பத்தான் வரும். என்னமோ கேக்க வந்திருக்கான்னு நினைச்சிராதீங்க… அவன் உங்களைக் காப்பாத்த வந்தவனா இருப்பான். உங்க காதை மெஷின் கையில விட்றாதீங்க. குமிழை நீங்களே பிடிங்க. வலிக்கும்… வலிக்கட்டும். டீச்சருக்கு வலிக்கலையா?

டீச்சர், எந்திரிங்கம்மா. எஸ்டேட் வார்டு கவுன்சிலர் பாக்கியநாதன், நீங்களும் எந்திரிங்க. நல்லாப் பாத்துக்கங்க, இவங்க ரெண்டு பேரும் நம்ம ஊருக்காரங்க. நெஞ்சை நிமித்திச் சொல்றேன், நம்ம ஊருக்காரங்க.

இப்பத் தட்டுங்க… எஸ்டேட் வரைக்கும் கேக்கணும்.